மூன்றாம் பக்கத்துக் காவலாளி

பூந்தமல்லியில் ஒரு பாய் நடத்திய பழைய பேப்பர் கடையில்தான் அந்த ஆங்கில நாவலை வாங்கினேன். அட்டையும் பெயர் இருந்த பக்கமும் கிழிந்து போயிருந்தன. செங்கல் கனம். அது எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்து மூன்று. ஐ.டி.ஐ. படித்தவனின் ஆங்கிலம்தான் எனக்கு. தெரியாத சொற்களைத் தாண்டித் தாண்டிப் படிப்பேன்.

கதை தொடங்குவது பனி கொட்டும் ஒரு விடியற்காலையில். மலைமேல் கோட்டை. நாட்டைப் பறிகொடுத்த இளவரசன் பன்னிரண்டு பேரோடு ஏறி வருகிறான். மூன்றாம் பக்கத்தில், வாசலில் நிற்கும் காவலாளியின் கழுத்தை அறுக்கிறான். கதவு திறக்கிறது. பிறகு முப்பது பக்கத்துக்கு வெட்டும் தீயும்தான். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் ஓரமாக உட்கார்ந்து படித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்து லேத்தில் வேலை செய்த நண்பனுக்குக் கதையாகவும் சொன்னேன். அவன் ஆறடிக்கு மேல் உயரம், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்பான்.

"ஒரே இழுப்புல அறுத்துட்டானா? மேல சொல்லு மாமே" என்றான்.

அந்த வருடமே ஸ்டிரைக் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கேட்டுக்கு வெளியே கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை, வெளியாட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு வேன்கள் வந்தன. "கருங்காலிங்க வர்றானுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். கல் பறந்தது. முதல் வேனின் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார், விரலிடுக்கில் ரத்தம்.

வேன்கள் உள்ளே போவதற்காக வாட்ச்மேன் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். மூன்று வருடமாக எனக்கு அந்தக் கேட்டைத் திறந்துவிட்டவர். கொட்டகைக் காலாக நட்டிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"தொறக்காத! தொறக்காதன்றேன்ல!"

அவர் திரும்பவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேல். காய்ந்த தேங்காய் மட்டையை அடித்தது போல ஒரு சத்தம். அவர் களைத்துப்போனவர் மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை மூன்றாவது முறையும் அடித்தேன். இந்த மூன்றாவது அடி எனக்கு எப்படி இருந்தது என்று வெகு காலம் யாரிடமும் சொன்னதில்லை. அடிக்கும்போது எனக்குப் பயமில்லை, கோபம்கூட இல்லை. சுகமாக இருந்தது.

போலீஸ் லத்தியோடு பாய்ந்தது. குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் வந்த நண்பன் அந்தக் குழாயைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். தன்னைக் காத்துக்கொள்ளத்தான் எடுத்திருப்பான்.

திருநின்றவூரில் அக்கா வீடு. அவள் பள்ளிக்கூட டீச்சர். வேலை இல்லாததால் வந்திருப்பதாகச் சொல்லி அங்கே பதுங்கினேன். பையில் இரண்டு சட்டையும் அந்த நாவலும்தான் இருந்தன. வெளியே தலைகாட்டப் பயந்து, நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எடுத்தேன்.

இந்த முறை அக்காவின் அகராதி பக்கத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லில் நின்றேன். காவலாளியைப் பற்றி அந்த நாவலில் மொத்தம் இரண்டே வரி. அதில் இந்தச் சொல் வருகிறது. முதல் தடவை படித்தபோது, 'கொடூரம்' என்று பொருள்படும் cruel என்ற சொல்தான் முதல் எழுத்து மாறி gruel என்று அச்சாகிவிட்டது என நினைத்திருந்தேன். கொடூரமான காவலாளி, சாகட்டும் என்று அடுத்த வரிக்குப் போயிருந்தேன். அகராதியில் தேடினால் அந்தச் சொல்லே தனியாக இருந்தது. கஞ்சி. சந்தேகத்தோடு அக்காவிடம் காட்டினேன்.

அவள் வரியைப் படித்துவிட்டு, "கஞ்சி குடிச்சிட்டு நிக்கிறான்டா. கிண்ணம் சூடா இருக்கு, குளிருக்குக் கைய அதுல வெச்சு சூடு காட்டிக்கிறான். அப்ப வந்து அறுத்துடறாங்க, பாவம்" என்றாள்.

நாவலை மூடினேன். கண்ணை மூடினால் வாட்ச்மேனின் காது தெரிந்தது. அதில் நரைத்த முடி இருந்தது கூட நினைவுக்கு வந்தது. மறுநாள் அதே மூன்று பக்கங்களை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான்காம் பக்கம் போக முடியவில்லை.

அம்பத்தூர் வரை போய்வந்த அக்கா விஷயத்தைக் கொண்டுவந்தாள். வாட்ச்மேனுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. அவரை அடித்ததாக என் நண்பனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் விடிய விடிய அடி.

"அவனா அடிச்சான்?" என்று கேட்டாள். நான் நாவலைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் சட்டையை எடுத்து மடியில் வீசி, "கெளம்பு" என்றாள்.

நேராக ஸ்டேஷனுக்குப் போகத் தைரியமில்லாமல், முதலில் நூம்பலில் இருந்த வாட்ச்மேன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். ஓடு போட்ட ஒற்றை அறை. தலையில் கட்டோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேட்காத காதுப் பக்கம் நான் நின்றதால், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கள அடிச்சது நான்தாங்க."

"நீயா? நீ இல்லபா. அந்த நெட்டப் பையன். கையில பைப்பு வெச்சிகினு நின்னான், நான் பாத்தேன்."

"நான் போட்ட பைப்பத்தான் அவன் எடுத்தான். மொதல்ல தோள்ல, அப்பறம் காதாண்ட. நீங்க உக்காந்தப்பறம் இன்னொரு அடி."

அவர் முகம் மாறியது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார். "எழுதிக் குட்த்துட்டேன். கையெய்த்தும் போட்டாச்சி. இப்போ மாத்திச் சொன்னா என்னியப் போட்டு மிதிப்பானுங்க. போயிடு நைனா."

அடுப்படியில் இருந்த அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். விறகுக் கட்டையால் என் முகத்தில் அடித்தார். உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் மூக்கு நொறுங்குவது எனக்கே கேட்டது. நான் கையைத் தூக்கவில்லை.

"உக்காந்தவர அட்ச்சியாடா? உக்காந்தவர?"

கை ஓயும் வரை அடித்தார். பிறகு என் காலரைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினோம். ரத்தம் சட்டையில் வடிய, நான் நின்றுகொண்டே வந்தேன். என் டிக்கெட்டையும் அவர்தான் எடுத்தார். காலரை மட்டும் விடவில்லை.

ஸ்டேஷனில் என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். அன்று மாலை வரை எனக்கும் விழுந்தது. மறுநாள் நண்பனை விட்டார்கள். அவன் வலது கை விரல்கள் வீங்கி, வாழைப்பழச் சீப்பு போல விரிந்து நின்றன. என் முன்னால் நின்றான். அறைவான் என்று எதிர்பார்த்தேன். அவனால் கையை மடக்க முடியவில்லை. காறித் துப்பிவிட்டுப் போனான்.

எனக்கு எட்டு மாதம் ஜெயில். வேலை போயிற்று. வெளியே வந்து ஆவடியில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். அந்த விரல்களோடு அவனால் லேத்தில் நிற்க முடியவில்லை என்றும், எங்கோ ஆபீஸ் பையனாகப் போனான் என்றும் கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மின்சார ரயிலில் எதிர் சீட்டில் அவன் இருந்தான். முப்பது வயதிலேயே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் எழுந்துபோய், "மன்னிச்சிடுடா" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் இறங்க வேண்டிய ஆவடி வந்தது. அங்கே வேலை செய்வதை அவனிடம் நான் சொன்னதில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எறங்கு. வண்டி கெளம்பிடப் போவுது" என்றான், என்னைப் பார்க்காமலே.

இறங்கினேன்.