பாண் போறணையில் ஒரு பூச்சாடி

யாழ்ப்பாணத்து நூல்நிலையத்தில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைப் புரட்டியபோதுதான் அந்த எண்ணம் வந்தது. டென்மார்க்கில் ஒரு கலைஞர் வழுவழுப்பான பூச்சாடிகள் அலுத்துப்போய், மொட்டையும் காயையும் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் முண்டும் முடிச்சுமாகச் சாடிகள் செய்தாராம். எங்கள் கொக்குவில் வளவிலும் பாகற்கொடி இருக்கிறதே!

ஒரு கிழமை மண் பிசைந்தேன். செய்து முடித்ததைப் பார்த்த அக்கா, "உதென்ன, அம்மாள் வருத்தம் வந்து கொப்புளிச்ச பாகற்காயோ?" என்றாள். "தண்ணி நிண்டால் றேடியோவுக்கு மேலை வைக்க விடுறன்." எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது.

சுடுவதற்குச் சூளை வேண்டுமே. சந்தியிலிருந்த பேக்கரியில் பாண் சுடுகிற போறணை இருந்தது; பேக்கரிக்காரரைக் கெஞ்சினேன்.

"பாண் இறக்கினாப் பிறகு வையும் தம்பி. வெடிச்சால் போறணையை நீர்தான் கூட்டவேணும்."

வெடிக்கவில்லை. பாண் வாசத்தோடு கல்லுப்போல வந்தது. கிணற்றுக்கட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். முதலில் ஒரு முடிச்சு வழுக்கி விழுந்தது. பிறகு வயிறே சரிந்தது.

"டேய், உன்ரை டென்மார்க் கரையுது!" என்று அக்கா கத்தினாள்.

பாணுக்குப் போதுமான சூடு மண்ணுக்குக் காணாது. கடற்கரையில் சிப்பி சுடுகிற சுண்ணாம்புச் சூளை ஒன்று இருக்கிறது. சூளைக்காரர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. எதற்கும் சனிக்கிழமை அடுத்த சாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறேன்.