கரண்டியில் அப்பிய கரி

எத்தனை சொன்னாலும் அம்மா கேட்பதில்லை. இன்றும் பாத்ரூமில் ஆசிட்டை ஊற்றிவிட்டாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், அவனியாபுரத்து வீட்டு மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது.

கார் மெக்கானிக்கான அப்பாவிடம், பழைய சைலன்சருக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் கல்லில் பிளாட்டினம் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கோரிப்பாளையத்தில் இரும்புக்கடை வைத்திருந்த தன் நண்பர் காதர் மாமாவிடம் நாலு கல் வாங்கிவந்தார். பொடித்து, வாளியில் ரெண்டு வகை ஆசிட்டைக் கலந்து ஊற்றி ஊறப்போட்டார். கொடியில் காய்ந்த என் யூனிஃபார்ம் முழுக்க ஓட்டை.

அம்மாவின் இரும்புக் கரண்டியால் கிண்டியவர், அதை வாளியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் கரண்டி முழுக்கக் கரி.

"என் கரண்டியப் பாழாக்கிட்டீகளே" என்று அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கரியைச் சாக்கடையில் கழுவிவிட்டாள்.

வாளியில் ஒன்றும் தேறவில்லை. "காதர் போலியத் தந்து ஏமாத்திட்டான்" என்று அப்பா அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார்.

இப்போது நான் வேதியியல் டீச்சர். கரைந்த பிளாட்டினம்தான் அந்தக் கரியாக இரும்பில் படிந்தது என்று பலமுறை சொல்லியும் அப்பா நம்பவில்லை. இன்று மயில்துத்தத் தண்ணீரில் ஆணியைப் போட்டு, செம்பு படிவதைக் காட்டினேன். ஒருவழியாக நம்பினார்.

"காதர் மாமாவுக்கு போன் போடுங்கப்பா."

போனை எடுக்காமல் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஒன்னைய யாரு அதத் தேய்க்கச் சொன்னா?"