நல்ல வாரம்

லிஃப்ட் ஒன்று அறுந்து விழுந்ததாம். உள்ளே இருந்தவர் கத்தியதை இவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தாராம். அன்றைக்கே தொண்டை அடைத்துப் போனதாம். லிஃப்ட் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் புதிதாகச் சேரும் எவருக்கும் காத்தண்ணனைப் பற்றிய இந்தக் கதை முதல் வாரமே வந்து சேர்ந்துவிடும். சொல்பவரும் யாரோ சொல்லிக் கேட்டவர்தான்.

எந்த லிஃப்டும் விழவில்லை. பதினோரு வருடம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று போனில் பேசுவதுதான் அவர் வேலையாக இருந்தது. ஒருநாள் அந்தப் "பயப்படாதீங்க" பாதியில் நெரிபட்டு வந்தது, யாரோ குரல்வளையைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் போல. உள்ளே இருந்த அம்மாள், "ஐயோ, நீங்களே அழுறீங்களே! அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று அலறிவிட்டார். அத்துடன் அவரைத் திருகாணிகளுக்கும் உருளைகளுக்கும் நடுவே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

முதல் டாக்டர் மனசு என்றார். அடுத்தவர் ஓய்வு என்றார். நான்காவது டாக்டர்தான் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துச் சொன்னார்: மூளை தப்பான கட்டளை அனுப்புகிறது, பேசும்போது குரல்நாண் தசைகள் இறுகிக்கொள்கின்றன. முழுக்கக் குணமாகாது, ஊசி போட்டுத் தளர்த்தலாம். கழுத்தில் ஊசி இறங்கியதும் இரண்டு வாரம் வெறும் காற்றுதான் வரும். அதனால்தான் கிடங்கில் அவர் பெயர் காத்தண்ணன். பிறகு ஏழெட்டு நல்ல வாரங்கள். பிறகு பழைய கதை.

நெரிபடும் நாட்களிலும் சிரிப்பு தெளிவாக வரும். பாட்டும் முனகலும் அப்படித்தான். "அப்போ பாட்டாவே பேசிடுங்கண்ணே. ரெண்டு இஞ்ச் போல்ட்டு எந்த ராகத்துல வரும்?" என்பான் பக்கத்து மேசைக்காரன். காத்தண்ணன் வாய்விட்டுச் சிரிப்பார். பிறகு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவார்: "உன் ராகத்துல துரு பிடிச்சிருக்கு."

கடல் தாண்டி இருக்கும் அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஒருமுறை கெட்ட வாரத்தில் போனை எடுத்துவிட்டார். "ஏன்டா அழுற? யாரு என்ன சொன்னாங்க?" என்று அவளும் அழத் தொடங்கிவிட்டாள். சளி என்று சமாளிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அதிலிருந்து நாட்காட்டியில் நல்ல வாரங்களைப் பச்சை மையால் கட்டம் கட்டி, அப்போது மட்டும் தானே கூப்பிடுகிறார். மற்ற நாட்களில் "வேலையா இருக்கேன்க்கா" என்று ஒரு செய்தி.

பச்சைக் கட்டங்கள் போன வாரமே முடிந்துவிட்டன; அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு இதய ஆபரேஷன் திங்கட்கிழமை காலை. நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்: "உள்ள போறதுக்கு முன்னாடி உன் குரலை ஒரு தடவை கேக்கணும்டா. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். வேலைன்னு சொன்னே, உதைப்பேன்."

ஞாயிறு, மணி ஆறு. குரல் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித்தந்தபடி, குவளைத் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று முனகிக்கொண்டிருக்கிறார். குமிழிகள் சீராக எழுகின்றன. குரலில் ஒரு பிசிறு இல்லை. போன் அடிக்கிறது. ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, "அக்கா" என்று சொல்லிப் பார்க்கிறார். நடுவில் நெரிபட்டு இரண்டாக உடைகிறது. மறுபடி ஸ்ட்ராவைக் கவ்விக்கொள்கிறார். போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து குவளையை இடிக்கிறது. ஒரு கையால் போனைப் பொத்திப் பிடித்தபடி, எடுக்காமலும் துண்டிக்காமலும், முனகுவதை நிறுத்தாமல் இருக்கிறார்.