எங்கள் நாற்றத் தளம்

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பில் யாரும் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட மாட்டோம். ஒரு விரல் அளவு திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மீதி. மேற்கிலிருந்து காற்று வந்தால் அழுகிய முட்டை, இல்லையென்றால் நெயில் பாலிஷ், அதுவும் இல்லையென்றால் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று. இதையெல்லாம் எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று நானும் என் நண்பனும் நினைத்தோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். அவனுக்குக் கல்மண்டபத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை.

முதலில் வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். யாரும் வாய் திறக்கவில்லை. அதில் போன் நம்பர் தெரியுமே! எங்கள் பிளாக்கில் நிறைய ஆண்கள் நாற்றம் வருகிற மணலி ஆலைகளுக்குத்தான் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். பெரிய ஆப்களில் போட்டால், டான்ஸ் வீடியோக்களுக்கு நடுவில் எங்கள் நாற்றத்தை யார் தேடப்போகிறார்கள்? அப்போதுதான் நண்பன் இந்தச் சின்ன இணையதளங்களைப் பற்றிச் சொன்னான். நாமே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நடத்தலாம். இதே மாதிரி ஊர் ஊராக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்தோடு பேசலாம், எல்லாவற்றுக்கும் மேலே முதலாளி என்று ஒருத்தனும் கிடையாது.

"நம்ம வூடு மாமு இது. நம்மதான் ராஜா," என்றான். நான் அப்படியே மயங்கிவிட்டேன்.

ஆள் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்திருப்பவர்களைப் பிடித்து, அவர்கள் போனிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுப்பேன். சொந்தப் பெயர் கூடாது என்பது முதல் சட்டம். 'நாலாவது மாடி', 'பழைய சோறு', 'நெத்திலி' என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். மணி, தெரு, காற்று, நாற்றம் நான்கையும் எழுத வேண்டும். கடலுக்குப் போகிற ஒருவர் காற்று என்ற இடத்தில் 'கச்சான்' என்று எழுதினார். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அவர்கள் பெயர் அது. ஒரே வாரத்தில் மாடி வீட்டுப் பெண்களும் கச்சான் என்றே எழுதத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணலியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

சேருவதற்கு முன் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தனியாக அனுப்பும் செய்தியை வேறு யாராவது படிக்க முடியுமா? "அனுப்புறவங்க, வாங்குறவங்க, அவ்ளோதான்," என்பேன். அது உண்மை இல்லை. சர்வரின் சாவி, அதாவது பாஸ்வேர்டு, யாரிடம் இருக்கிறதோ அவன் நினைத்தால் எதையும் திறந்து படிக்கலாம். சாவி எங்கள் இருவரிடமும் இருந்தது. சொன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்து விழுங்கிவிட்டேன். நாங்கள் இரண்டு பேர்தானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

தினமும் மதியம் இரண்டு மணி வாக்கில் ஒரு நாற்றம் வரும். ஏன் அந்த நேரத்தில் மட்டும் என்று தளத்தில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கணவர் ஆலையில் வேலை செய்யும் கீழ்வீட்டு அக்கா எனக்குத் தனியாக எழுதினாள்: "தம்பி, உனுக்கு மட்டும் சொல்றேன். ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஒரு வால்வ தொறந்து வுடறாங்களாம். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு." நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த மாதம் அவள் கணவரை ஆலை கேட்டிலேயே நிறுத்தி, பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் என் நண்பன் கழுத்தில் புது அடையாள அட்டையோடு வந்து நின்றான். அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீசில் வேலையாம். அக்கா எனக்கு எழுதியதைத் திறந்து படித்தாயா என்று நேராகவே கேட்டேன்.

"நா பேரு எதுவும் சொல்லல மாமு. கான்ட்ராக்டராண்ட மெசேஜ மட்டும்தான் காட்னேன். வால்வாண்ட வேல செய்றதே மூணு பேரு, அவுங்களே கண்டுபுட்ச்சிட்டாங்க. எனுக்கும் ஒரு நல்ல வேல வோணுமா இல்லியா?"

சட்டையைப் பிடித்து அறைந்தேன். அவன் திருப்பி அடிக்காமல் நின்றது இன்னும் ஆத்திரமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து என் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன். அவன் இனி உள்ளே நுழைய முடியாதபடி சர்வரின் சாவியை மாற்றிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நண்பன் செய்த துரோகத்தை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அக்கா கணவரின் கம்பெனிச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் படிக்க முடியும்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"நா கேட்டப்போ சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு அவன மட்டும் திட்டிகினு கீற?"

மறுநாள் தளத்தில் எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொருவராகக் கணக்கை அழித்துவிட்டுப் போனார்கள். நண்பனைத் திட்டுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் பிளாக்கில் யார் காதிலும் விழும்படி திட்ட முடிவதில்லை.