அடிமனை வீட்டுக்கு வெள்ளையடித்தவர்

என் தங்கை புருஷன், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, பெயிண்டர். ஊரார் சுவருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து நிறம் பூசுகிற மனுஷன், சொந்த வீட்டைச் சும்மா விடுவாரா? சொந்த வீடு என்று நான் சொல்வதே தப்பு. சுவர்தான் அவருடையது. சுவர் நிற்கிற மண் மனைக்காரருடையது. மாப்பிள்ளையுடைய அப்பா காலத்தில் அந்த வரிசையில் எல்லோருமே அப்படித்தான் கட்டினார்கள். அடிமனையைக் குத்தகைக்கு எடுப்பது, அதன்மேல் தன் காசில் வீடு கட்டிக்கொள்வது, காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொள்வது. புதுப்பிக்காவிட்டால் கட்டடமும் மனைக்காரருக்கே போய்விடும் என்று பத்திரத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். மனைக்காரப் பெரியவர் இருந்தவரை யாரையும் கிளப்பியதில்லை, அதனால் யாரும் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர் கண்ணை மூடினார். முடியப்போகிற குத்தகைகளை வீடு வீடாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று சொல்லி அனுப்பினார் மகன்.

அவ்வளவுதான், மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "வீட்டை எவ்வளவு நல்லா வெச்சிருக்கோம்னு கண்ணால பாத்துட்டா, வெளிய போன்னு சொல்ல யாருக்குக்கா மனசு வரும்?" என்றார். வேலைக்கே போகாமல் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டிங் அடித்தார். மொட்டை மாடியில் ஒரு மயிரிழை விரிசலைக்கூட விடவில்லை. தங்கை ஜன்னல் கம்பிகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். நானும் போய் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த அடுப்படியைக் கழுவிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் முன்னாள் லாரி டிரைவர். அவருக்கும் அதே மனைக்காரர், அதே குத்தகை. கூரை ஒழுகினால் கட்டிலை நகர்த்திப் போடுவாரே தவிர, ஒரு கை சிமென்ட் வைக்க மாட்டார். மதில்மேல் தலையை நீட்டி, "என்ன பெயிண்டரே, பொண்ணு பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களா?" என்று சிரித்தார்.

"சிரிங்க சிரிங்க. உங்களத் தெருவுல நிறுத்தும்போது தெரியும்" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதைச் சொல்லணும்!

மனைக்காரர் மகன் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களே அடிச்சதா?"

"எல்லாம் என் கைதாம்மா."

"மழைக்கு ஒழுகுமா?"

"ஒரு சொட்டு விழாதும்மா!" என்றார் மாப்பிள்ளை. பெருமையில் அவர் முகம் அப்படி மலர்ந்தது. பக்கத்து வீட்டில் அவர்கள் உள்ளேயே போகவில்லை. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

லாரிக்காரருக்குக் குத்தகை புதுப்பித்தாகிவிட்டது. அந்த இடிசலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றாராம் மகன். எங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மகனும் மனைவியும் தனிக்குடித்தனம் போக வீடு தேடிக்கொண்டிருந்தார்களாம், இது கைக்கு வேலை வைக்காமல் தயாராக இருக்கிறதாம்.

மாப்பிள்ளை போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"பத்திரத்துல இருக்கிறதத்தானே செய்றேன்?" என்றார் மகன்.

"இருக்கு சார். மண்ணு உங்களுதுதான். ஆனா மேல இருக்கிறது எங்கப்பா கட்டினது..." என்றார் மாப்பிள்ளை.

"நல்லா இருப்பீங்களாய்யா?" என்று நான் கத்தினேன். கத்தி என்ன? வக்கீலும் பத்திரத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

சாமான்களோடு எங்கே போவது என்று விழித்தபோது, பின்னறையை வாடகைக்குத் தருகிறேன் என்றவர் அதே லாரிக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு பெயிண்டரே. என் வீட்டுச் சுவத்துல கை வெக்கக் கூடாது. அடுத்த தடவை அவங்க வந்து பாக்கும்போதும் இது இப்படியேதான் இருக்கணும்." நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பது? தலையைக் குனிந்துகொண்டேன்.

குடிபோன பிறகு வந்த முதல் மழையன்று நான் அங்கேதான் இருந்தேன். பின்னறையில் கட்டிலுக்கு நேர்மேலே சொட்டியது. மாப்பிள்ளை பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார்.

"இறங்குங்க" என்றாள் தங்கை.

"சின்ன விரிசல்டி. கை வெச்சா நின்னுடும்."

"நிக்க வேணாம். ஒழுகட்டும். ஒழுகினாத்தான் நம்மள இருக்க விடுவாங்க."

அவர் இறங்கினார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. அங்கே யாரோ டிவியில் எதையோ பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அங்க ஒழுகாதுக்கா" என்றார் என்னிடம். "ஒரு சொட்டு விழாது."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தங்கை வாளியை நகர்த்தி, சொட்டுகிற இடத்தில் வைத்தாள்.