குளியலறையில் ஒரு சீட்டாக்குட்டி

ஈத் விடுமுறையில் நானும் கணவரும் கென்யாவுக்குப் போனோம். அமீரகத்தில், புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கும் அவருக்கு ஒரு வாரம் லீவு கிடைப்பதே அபூர்வம். அம்போசெலியில் யானைக் கூட்டம், நகுருவில் காண்டாமிருகம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக மசாய் மாராவுக்கு வந்தோம்.

அங்கே ஒரு காலை, டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டு உதட்டில் விரல் வைத்தார். புல்லுக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். என்ன பறவை என்று கேட்டேன். பறவையில்லை, சீட்டா என்னும் சிவிங்கிப்புலி தன் குட்டிகளைக் கூப்பிடுகிறது என்றார். குட்டிகளும் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டே ஓடிவந்து தாயின் மேல் விழுந்தன. நாங்கள் வளைகுடாவிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. வடக்கே குட்டிகளைப் பிடித்துப் படகில் உங்கள் பக்கம்தான் அனுப்புகிறார்கள், நிறைய குட்டிகள் போகும் வழியிலேயே செத்துப்போகும் என்றார். அதெல்லாம் பழைய கதை, இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது என்றேன். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நான் வீடுகளுக்குப் போய் ஆங்கில டியூஷன் எடுப்பவள். புஜைரா திரும்பிய சில வாரங்களில் ஒரு வில்லாவில் எட்டு வயதுச் சிறுமிக்குப் பாடம் சொல்லித்தரப் போனேன். புத்தகத்தைத் திறக்கும்போது உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல். குருவி வளர்க்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். மறுபடி கேட்டது. மசாய் மாராவில் புல்லுக்குள்ளிருந்து கேட்ட அதே குரல்.

சிறுமி பெருமையாக என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள். தொட்டிக்குள் ஈரத் துண்டின் மேல் ஒரு சீட்டாக்குட்டி. கழுத்தில் மினுங்கும் பட்டை. முன்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. எங்களைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல் மார்பால் தேய்த்துக்கொண்டே நகர்ந்தது. அப்பாவின் நண்பர் தந்த பிறந்தநாள் பரிசு, எலும்பில்லாத கோழிதான் சாப்பிடும் என்று சொல்லி, குனிந்து அதன் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் பயந்துவிட்டார்.

“நீ எதையும் பாக்கல. நம்ம விசா, பொழப்பு எல்லாம் இங்கதான் இருக்கு.”

“அது கூப்பிட்டுக்கிட்டே இருக்குங்க. பதில் சொல்ல அங்க ஒண்ணுமில்ல.”

கடைசியில் அவரே புகார் கொடுக்கும் எண்ணைத் தேடி எடுத்து, போனை என்னிடம் நீட்டினார்.

சில நாளில், இனி டியூஷனுக்கு வர வேண்டாம் என்று சிறுமியின் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. எங்களுக்கு வேறு தொல்லை எதுவும் வரவில்லை. மீட்ட குட்டியைப் பராமரிக்கும் இடத்திலிருந்து ஒரு விலங்கு மருத்துவர் கூப்பிட்டார். உயிர் பிழைத்துவிடும், ஆனால் எலும்பில்லாத கறியே தின்று கால் எலும்பு வளைந்துவிட்டதால் ஓட முடியாது, வேட்டை தெரியாததால் காட்டுக்கும் அனுப்ப முடியாது என்றார். ஓடவே பிறந்த விலங்கு. போனை வைத்த பிறகும் ‘ஓட முடியாது’ என்ற வார்த்தை எனக்குள் இறங்கவில்லை.

அடுத்த மாதம் சூப்பர் மார்க்கெட்டில் அந்தச் சிறுமி என்னைப் பார்த்து ஓடிவந்தாள். யாரோ வந்து தன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லி, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.