நாமும் நாங்களும்

தெலுங்கு பேசும் அல்வாலில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபையின் போதகரைப் பெங்களூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் ஒரே பிடியாக நின்றார். ஒவ்வொரு சபைக்கும் ஓர் அடையாளம் வேண்டுமாம், அது சபையார் எல்லார் வாயிலும் வர வேண்டுமாம். நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த ஞாயிறு பீடத்துக்குப் பக்கத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் தொங்கியது: “நாங்கள் யார்? நாங்கள் ஒரே குடும்பம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் போனில் போட்டுத் தமிழாக்கியிருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் எதிரே இருப்பவரை விலக்கிவைத்துப் பேசுவது. எதிரே இருப்பதே சபைதான். அப்புறம் இவர் யாரைப் பற்றி யாரிடம் சொல்கிறார்?

ஆராதனை முடிந்ததும் போய்ச் சொன்னேன். “ஐயா, ‘நாம்’னு போடணும்.”

“ஜெபத்துல ‘எங்கள்’னுதானேம்மா சொல்றோம்?”

“அது ஆண்டவரைப் பாத்து சொல்றதுய்யா. இது நீங்க எங்களைப் பாத்து சொல்றது.”

“அர்த்தம் புரிஞ்சா போதும்மா” என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஐந்து வாரம் இதே கூத்து. எல்லாரும் எழுந்து நின்று அந்த வரியை ஒப்பிப்பார்கள். நான் மட்டும் வேண்டுமென்றே “நாம்” என்று உரக்கச் சொல்வேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இவ்வளவு வீம்புக்கும் காரணம் என் மகள். இண்டர் முதல் வருடம், நம் பிளஸ் ஒன் மாதிரி. தமிழ் புரியும், வாயைத் திறந்தால் தெலுங்கு, இல்லாவிட்டால் ஹிந்தி. திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்க அடுத்து வந்த ஞாயிறு கடைசி நாள். அதை முடித்தால்தான் சபையில் முழு அங்கம். அவளோ தோழிகள் போகிற இங்கிலீஷ் சபைக்குப் போகிறேன் என்றாள். என் வீட்டுக்காரர் ஞாயிறும் பாலாநகருக்கு ஷிப்ட் போகிறவர். இவளும் போய்விட்டால் சபை பெஞ்சில் நான் தனி. எனக்கு அது பயமாகவே இருந்தது. இதில் அந்த ‘நாங்கள்’ வேறு அவளை இன்னும் வெளியே தள்ளுவதுபோல் பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சப்பாத்தி போட்டுக்கொண்டே அவளிடம் போதகரைத் திட்டித் தீர்த்தேன்.

“கைக்கு மம்மி இத்னா டென்ஷன்?” என்றாள். ஒரு வார்த்தைக்கு எதற்கு இவ்வளவு டென்ஷனாம்.

எனக்குச் சுருக்கென்றது. “எங்க சபையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? எங்கப்பா ரயில்வே பட்டறையில வேலை முடிச்சுட்டு வந்து கல் சுமந்து கட்டினது!” என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. தெலுங்கிலும் இந்த வித்தியாசம் உண்டு: ‘மா’ என்றால் எங்களது, ‘மன’ என்றால் நம்முடையது.

“மா சர்ச்சா, மன சர்ச்சா, மம்மி?”

கல்லில் சப்பாத்தி கருகியது. “நம்ம சபைதான்டி” என்றேன்.

“கேட்டதுக்கு அப்புறம் சொல்றீங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவள் பெயர் கொடுக்கவில்லை. அதற்காகப் போதகரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.